திறந்த உலக விளையாட்டுகளும் உரிப்பொருளும்



இத்தகைய மேடைகளில் கவிதை, நாடகம், மொழிபெயர்ப்பு, இலக்கணம் ஆகியவை பேசப்படுவது இயல்பு. இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் சற்று வேறானது. கணினியிலும் தொலைக்காட்சித் திரையிலும் ஆடப்படும் விளையாட்டுகளுள், பெரிய திறந்த உலகம் கொண்ட பாத்திரமேற்பு விளையாட்டுகள் என்னும் ஒரு வகையை எடுத்துக்கொண்டு, அவற்றின் நிறைகுறைகளை ஆராய விரும்புகிறோம்.

இதற்கு மொழிமன்றத்தில் என்ன இடம் என்ற ஐயம் எழலாம். நம் வீடுகளில் வளரும் பிள்ளைகள் பலர், ஒரே விளையாட்டில் நூறு மணிநேரத்தைச் செலவிடுகின்றனர். ஒரு பெரிய நாவலைப் படித்து முடிக்க ஆகும் நேரத்தைவிட அது பன்மடங்கு மிகுதி. ஆயினும் அந்நூறு மணிநேரத்தைப் பற்றி வீட்டில் தமிழில் நிகழும் உரையாடல் பெரும்பாலும் இரண்டு வாக்கியங்களில் அடங்கிவிடுகிறது. பெற்றோர், “படிப்பைக் கெடுக்கிறது” என்கின்றனர். பிள்ளைகள், “நன்றாக இருக்கிறது” என்கின்றனர். இரண்டும் கருத்துகளே, இரண்டும் திறனாய்வு ஆகா. எது நன்று, எது நன்றன்று, ஏன் என்று காரணம் காட்டிப் பேசுவதே திறனாய்வு. அதற்குரிய கருவி நம்மிடம் இருக்கிறதா என்பதே இவ்வுரையின் வினா.

வகையும் வரலாறும்

முதலில் இவ்வகையை அறியாதவர்க்காகச் சில சொற்கள். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டை வெளியிட்டனர். மேசையைச் சுற்றி நண்பர்கள் அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, பேச்சாலேயே ஒரு கதையை நடத்திச் செல்வர். ஒருவர் நடுவராக இருந்து, “நீங்கள் வாயிலைத் திறக்கிறீர்கள், உள்ளே இருள்” என்று உலகத்தைச் சொற்களால் படைப்பார். ஆட்டக்காரர் எதைச் சொன்னாலும் நடுவர் அதற்கு மறுமொழி தந்தாக வேண்டும். பாத்திரமேற்பு விளையாட்டின் வேர் இதுதான். அது பேச்சில் தொடங்கிய கலை என்பதை நாம் மறக்கலாகாது.

கணினி வந்தபோது அந்நடுவரின் இடத்தை நிரல் பிடித்துக்கொண்டது. ஆட்டக்காரர் விரும்பிய திசையில் செல்லலாம், விரும்பிய வரிசையில் பணிகளைச் செய்யலாம் என்னும் உரிமையை நிலப்பரப்பாக விரித்தால் அதுவே திறந்த உலகம். ரிச்சர்ட் கேரியட் உருவாக்கிய ‘அல்டிமா’ வரிசை, பெதஸ்டா நிறுவனத்தின் ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ வரிசை, போலந்து நாட்டுச் சிடி புரொஜெக்ட் நிறுவனத்தின் ‘தி விட்சர் 3’, ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2022-இல் வெளியிட்ட ‘எல்டன் ரிங்’ ஆகியவை இம்மரபில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுபவை.

இவற்றைப் பற்றி உலகெங்கும் நிகழும் வாதங்களைத் தொகுத்தால் இரண்டு குரல்கள் கேட்கும். ஒரு சாரார், “இவ்வளவு பெரிய நிலம், இத்தனை பணிகள், இத்தனை மணிநேரம்” என்று அளவைப் போற்றுகின்றனர். மறு சாரார், “பெரிதாக இருக்கிறது, வெறுமையாக இருக்கிறது” என்று குறைகூறுகின்றனர். எது இருந்தால் நிறைவு, எது இல்லையெனில் வெறுமை என்பதை இருவருமே தெளிவாக வரையறுப்பதில்லை. இங்குத்தான் நம் பழைய அளவுகோல் ஒன்று கைகொடுக்கிறது.

மூன்று பொருள்கள்

தொல்காப்பியப் பொருளதிகாரம் அகத்திணை உலகை முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்றாகப் பகுத்துக் காட்டுகிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் போன்றவை கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்னும் மனித ஒழுக்கங்கள் உரிப்பொருள். இம்மூன்றும் ஒன்றைவிட ஒன்று சிறந்தவை என்று வரிசைப்படுத்தப்பட்டிருப்பதை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். நிலத்தினும் கரு சிறந்தது. கருவினும் உரி சிறந்தது. நிலமும் கருவும் வெளிப்படையாக அமையாத பாடல்கள் உண்டு. உரிப்பொருள் இல்லாத அகப்பாடல் இல்லை.

சங்கப் பாடலுக்கு வகுத்த இலக்கணத்தைக் கணினி விளையாட்டின்மேல் ஏற்றுவது பொருந்துமா என்று கேட்கலாம். விளையாட்டைப் பாடலாக்குவது நம் நோக்கமன்று. ஓர் உலகத்தைக் கட்டி, அதனுள் மாந்தரை நடமாட விடும் எந்தக் கலைக்கும் நிலம், நிலத்துக்குரிய பொருள், மாந்தர் ஒழுக்கம் என்னும் மூன்றும் உண்டு. அவற்றுள் எது மற்றவற்றுக்காக இருக்கிறது என்று கேட்கக் கற்றுத்தருவதே இவ்வளவுகோலின் பயன். திறந்த உலக விளையாட்டுகளின் பெருமையும் சிறுமையும் இவ்வரிசையை அவை காக்கின்றனவா, கவிழ்க்கின்றனவா என்பதில் அடங்கியுள்ளன என்பது நம் கருத்து.

நிலம்

1996-இல் வெளிவந்த ‘டாகர்ஃபால்’ விளையாட்டின் நிலப்பரப்பு பிரிட்டன் தீவோடு ஒப்பிட்டுப் பேசப்பட்டது. ஊர்களும் குடியிருப்புகளும் ஏறத்தாழ 15,000. மனிதக் கைகளால் இத்தனை ஊர்களை அமைக்க இயலாது. விதிகளைக் கொடுத்துவிட்டுக் கணினியையே ஊர்களை வரையச் செய்தனர். ஆகவே பத்து ஊர்களைக் கண்டவர் எல்லா ஊர்களையும் கண்டவராகிவிடுவார். அதே நிறுவனம் 27 ஆண்டுகளுக்குப்பின் 2023-இல் வெளியிட்ட ‘ஸ்டார்ஃபீல்ட்’ ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோள்களைக் கொண்டது. அங்கும் அதே குறை எழுந்தது. ஒரு கோளில் கண்ட கைவிடப்பட்ட ஆய்வுக்கூடம், அதே அறைகளோடும் அதே பெட்டிகளோடும் மற்றொரு கோளிலும் நிற்பதை ஆட்டக்காரர்கள் சுட்டிக்காட்டினர்.

இவ்விரண்டுக்கும் இடையில், 2002-இல், அந்நிறுவனம் ‘மோரோவிண்ட்’ என்னும் விளையாட்டில் நேர்மாறான வழியைத் தேர்ந்தது. ஒரேயொரு தீவு. நடுவில் எரிமலை. சாம்பல் புயல். மரம்போல் வளர்ந்த காளான்கள். பெரும்பூச்சியின் ஓட்டைக் குடைந்து அதன்மேல் பயணம் செய்யும் மக்கள். ‘டாகர்ஃபாலின்’ பரப்போடு ஒப்பிட்டால் அது கைப்பிடி மண். ஆயினும் இருபதாண்டுகளுக்குப்பின்னும் ஆட்டக்காரர்கள் அத்தீவின் ஊர்ப்பெயர்களை நினைவிலிருந்து சொல்கின்றனர். மிகப் பரந்த நிலத்தைவிட, இடத்துக்கு இடம் வேறுபாடு தெரியுமாறு கையால் அமைத்த சிறு நிலம் மனத்தில் தங்குகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பரப்பே வீண் என்று நாம் சொல்லவில்லை. தொலைவில் ஒரு மலை தெரிகிறது, அதை நோக்கி நடக்கிறோம், வழியில் இருட்டுகிறது, மழை வருகிறது. இவ்வனுபவத்துக்குத் தொலைவு வேண்டும். நாற்பது நிமிடப் பயணத்தில் தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சென்றுவிடும் நம் போன்ற நகரவாசிகளுக்கு, ஆளரவமற்ற வெளியில் தனியே நடப்பது ஓர் அரிய உணர்வு. 2011-இல் வந்த ‘ஸ்கைரிம்’ இன்றளவும் ஆடப்படுவதற்கு அதன் பனிமலைகளும் வடதிசை வானொளியும் ஒரு காரணம். ஆனால் அவ்வின்பம் பொழுதோடு சேர்ந்த நிலத்தால் வருகிறது. சதுரக் கிலோமீட்டரால் வருவதில்லை. விளம்பரங்கள் பெரும்பாலும் பரப்பைத்தான் எண்ணிச் சொல்கின்றன.

கரு

அடுத்து, நிலத்தில் வைக்கப்படும் பொருள்கள். இதில்தான் இவ்வகை விளையாட்டுகள் மிகவும் உயர்கின்றன. மிகவும் தாழ்வதும் இதில்தான்.

உயர்வுக்கு 2015-இல் வெளிவந்த ‘தி விட்சர் 3’ சான்று. அந்திரேய் சாப்கோவ்ஸ்கி என்னும் போலந்து எழுத்தாளரின் கதைகளை அடியொற்றிய இவ்விளையாட்டில், பேய்களும் பூதங்களும் பொதுவான கற்பனைக் கிடங்கிலிருந்து எடுக்கப்படவில்லை. நண்பகல் வயலில் தோன்றும் பெண்பேய், புதைக்கப்படாத சிசுவின் ஆவி, இறந்த முன்னோர்க்குப் படையலிடும் இரவு ஆகியவை சிலாவிய மக்களின் நாட்டார் நம்பிக்கைகள். நிலத்துக்கும் தெய்வத்துக்கும் தொழிலுக்கும் உள்ள உறவு அங்குத் தெரிகிறது.

தாழ்வுக்கும் அதே விளையாட்டே சான்று. அதன் தீவுப்பகுதியில், கடலெங்கும் நிலப்படத்தில் வினாக்குறிகள் சிதறிக் கிடக்கும். ஒவ்வொன்றையும் தேடிப் படகில் சென்றால், கடத்தல்காரர் விட்டுச்சென்ற மிதவைப் பெட்டிகள். மேலே பறந்து தாக்கும் உயிரினங்கள் சில. பெட்டிக்குள் விற்பதற்குச் சில பொருள்கள். அடுத்த வினாக்குறியிலும் அதுவே. 2014-இல் வந்த ‘டிராகன் ஏஜ்: இன்குவிசிஷன்’ விளையாட்டிலோ, முதல் பெருநிலப்பகுதியிலேயே சில்லறைப் பணிகளைச் செய்துகொண்டிருந்து கதையைத் தொடங்காமலே சலித்துப்போனவர் பலர். அப்பகுதியை விட்டு வெளியேறுமாறு ஒருவர்க்கொருவர் எச்சரித்துக்கொள்ளும் நிலை உருவானது. மூலிகையும் கனிமமும் விலங்குத் தோலும் கருப்பொருளாக இல்லாமல் கணக்குப் பட்டியலாக மாறிவிட்ட நிலை இது.

கருப்பொருள் பேசாமலே பேசக்கூடியது என்பதை நாம் அறிவோம். அகப்பாடலில் குறிஞ்சி நிலத்து விலங்கின் செயல், தலைவனின் செயலைக் குறிப்பால் உணர்த்துவதை இறைச்சி என்றும் உள்ளுறை என்றும் ஆராய்கிறோம். நல்ல விளையாட்டுகளும் இவ்வழியை அறிந்திருக்கின்றன. அணுகுண்டுப் போரில் அழிந்த வாஷிங்டன் நகரைக் காட்டும் ‘ஃபால்அவுட் 3’ என்னும் 2008-ஆம் ஆண்டு விளையாட்டில், இடிந்த வீடுகளுக்குள் எலும்புக்கூடுகள் கிடக்கும். அவை கிடக்கும் நிலையும் அருகிலுள்ள பொருள்களும், அவ்வீட்டாரின் இறுதி மணிநேரத்தை உய்த்துணரச் செய்யும். விளக்கம் சொல்ல எவரும் வருவதில்லை. ‘எல்டன் ரிங்’ தன் வரலாற்றின் பெரும்பகுதியை வாள், மோதிரம், தலைக்கவசம் ஆகியவற்றின்கீழ் எழுதப்பட்ட இரண்டு மூன்று வரிகளில் ஒளித்து வைத்திருக்கிறது. அதனைத் தொகுத்துப் பொருள்கொள்ள உலகெங்கும் ஆட்டக்காரர்கள் உரையாசிரியர்களைப்போல் உழைக்கின்றனர். ஆனால் அவ்விளையாட்டிலும் நிலவறைகள் ஒன்றைப்போல் ஒன்று அமைந்திருப்பதும், முன்பு வென்ற பகைவனே மீண்டும் மீண்டும் வருவதும் குறையே. பெரிதாக்க வேண்டும் என்ற ஆசை அங்கும் விட்டபாடில்லை.

உரி

மூன்றாவதும் சிறந்ததுமான உரிப்பொருளுக்கு வருவோம்.

திறந்த உலகக் கதைகளில் ஓர் உள்முரண் உண்டு. கதை அவசரப்படுத்துகிறது, உலகம் காத்திருக்கிறது. ‘தி விட்சர் 3’ கதையில், தலைவன் தான் வளர்த்த மகளைத் தேடி அலைகிறான். கொடிய படையொன்று அவளைத் துரத்துகிறது. ஆனால் அவன் வழியிலுள்ள ஒவ்வொரு சத்திரத்திலும் அமர்ந்து சீட்டாடலாம். ஒரு திங்கள் கழித்து எழுந்து போனாலும் மகள் அதே இடத்தில் அதே ஆபத்தில் இருப்பாள். பிரிவுத் துயர் என்று சொல்லப்படுவது, காலம் கடந்தால் இழப்பு நேரும் என்ற அச்சம் இல்லாதபோது, வெறும் அறிவிப்பாகிவிடுகிறது.

இரண்டாவது குறை, உலகத்தின் மறதி. ‘ஸ்கைரிம்’ விளையாட்டில் ஒருவர் மந்திரக் கல்விக்கூடத்தின் தலைவராகலாம். போர்வீரர் குழுவின் தலைவராகலாம். திருடர் கூட்டத்தின் தலைவராகலாம். நாட்டை அழிக்க வந்த பறவைநாகத்தையும் வெல்லலாம். இவை அனைத்தும் ஒருவரே. ஆயினும் ஊர்க்காவலர் தம் முழங்காலில் அம்பு பாய்ந்த பழங்கதையை அவரிடம் சொல்லிக்கொண்டே இருப்பர். ஒவ்வொரு நகரிலும் அதே கதை. அது உலகம் முழுவதும் நகைச்சுவையாகப் பரவியதற்குக் காரணம் எளிது. எதற்கும் மறுமொழி தர வேண்டிய நடுவர் உறங்கிவிட்டார் என்பதை அவ்வொரு வரி காட்டிக்கொடுத்தது.

இவ்வளவும் கருவியின் வரம்பு, இதற்குமேல் இயலாது என்று சொல்வாருண்டு. 1985-இல், இன்றைய கைப்பேசியின் ஆற்றலில் சிறு துளிகூட இல்லாத கணினிகளில் ‘அல்டிமா 4’ வெளிவந்தது. அதில் இறுதியில் கொல்ல வேண்டிய கொடுங்கோலன் இல்லை. நேர்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மதிப்பு, ஆன்மிகம், பணிவு என்னும் எட்டுப் பண்புகளில் நிறைவடைவதே நோக்கம். அங்கே மூலிகை விற்கும் பார்வையற்ற வணிகர்களிடம், எவ்வளவு பணம் தருகிறோம் என்பதை நாமே சொல்ல வேண்டும். குறைத்துக் கொடுத்தாலும் அவர்கள் ஏற்றுக்கொள்வர்; தண்டனை உடனே வராது. ஆனால் விளையாட்டு அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு, நேர்மையில் நாம் தாழ்ந்துவிட்டதைப் பின்னர்க் காட்டும். படமோ குரலோ வியக்கத்தக்கதாக இல்லை. உலகம் நம்மைக் கவனித்துக்கொண்டிருந்தது என்பதே போதுமானதாக இருந்தது.

அண்மைக்காலத்துக்கு வந்தால், ‘தி விட்சர் 3’ தன் குறையைத் தானே ஈடுசெய்யும் இடம் ஒன்றுண்டு. குடிப்பழக்கமும் வன்முறையும் கொண்ட ஒரு படைத்தலைவனின் மனைவியும் மகளும் வீட்டைவிட்டுச் சென்றுவிடுகின்றனர். கருச்சிதைவில் இழந்த சிசு, பெயரிடப்படாமல் புதைக்கப்பட்டதால் பேயாகத் திரிகிறது. அப்பேயை வாளால் வெட்டலாம். அல்லது தந்தையே அதைக் கையிலேந்தி, பெயர் சூட்டி, வீட்டு வாயிற்படியின்கீழ் முறைப்படி அடக்கம் செய்யலாம். குற்றவாளியும் அவனே, துயருறுபவனும் அவனே. அவனை வெறுக்கவும் இயலவில்லை, மன்னிக்கவும் இயலவில்லை. இக்கதையின் முடிவு, வேறோர் ஊரில் நாம் முன்பே செய்த ஒரு தேர்வைப் பொறுத்தும் மாறுகிறது. அந்தத் தேர்வில் குழந்தைகளைக் காத்தால் ஓர் ஊர் அழிகிறது. ஊரைக் காத்தால் குழந்தைகளை இழக்கிறோம். நிலமும் கருவும் உரிக்குப் பணிசெய்யும் இடம் இது. அதே விளையாட்டில் வளர்ப்பு மகள் இறுதியில் உயிரோடு இருப்பாளா என்பது, நாம் கொன்ற பூதங்களின் எண்ணிக்கையைப் பொறுத்ததன்று. சில சிறு தருணங்களில் அவள் சொல்லுக்குச் செவிகொடுத்தோமா, அவளைத் தன் காலில் நிற்க விட்டோமா என்பதைப் பொறுத்தது. பெற்றோர் இவ்விளையாட்டைப் பற்றித் தம் பிள்ளைகளோடு பேச விரும்பினால் அங்கிருந்தே தொடங்கலாம்.

சொல்லின் இடம்

மொழிமன்றத்துக்கு நேரடியாக உரிய பகுதி இனிவருவது.

‘மோரோவிண்ட்’ விளையாட்டில் ஓர் இடத்துக்கு வழி கேட்டால், ஊரார் சொற்களால் வழி சொல்வர். வடக்கே போங்கள், பாலத்தைக் கடந்ததும் இடப்புறம் திரும்புங்கள், இரட்டைப் பாறைக்கு அப்பால் குகைவாய் தெரியும் என்பதுபோல் அமையும். அது நாட்குறிப்பில் பதிவாகும். ஆட்டக்காரர் அதைப் படித்து, நிலத்தைப் பார்த்து, சொல்லையும் இடத்தையும் பொருத்தி நடக்க வேண்டும். சில வேளைகளில் சொன்ன வழியே தவறாகவும் இருந்தது. அதைக் குறித்த முறையீடுகள் நியாயமானவை. 2006-இல் அடுத்த விளையாட்டான ‘அப்லிவியன்’ வந்தபோது இரண்டு மாற்றங்கள் நேர்ந்தன. எல்லா உரையாடலும் குரலில் பதிவு செய்யப்பட்டது. திரையின் அடியில் திசைகாட்டியும், செல்ல வேண்டிய இடத்தைச் சுட்டும் குறியும் வந்தன.

குரல் வந்ததில் உயிரோட்டம் வந்தது உண்மை. ஆனால் குரல் செலவுமிக்கது. ஆகவே பேச்சு சுருங்கியது. நடிகர் சிலரின் குரலே நூற்றுக்கணக்கான வாய்களிலிருந்து ஒலித்தது. குறி வந்ததில் வசதி வந்ததும் உண்மை. பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவில் ஒரு மணிநேரம் ஆட அமர்பவர், வழி தவறி அலைவதற்கு விரும்பமாட்டார். பார்வைக் குறைவோ நினைவுக் குறைவோ உள்ளவர்க்கும் குறி துணையாகிறது. இவ்வாதத்தை நாம் முழுமையாக ஏற்கிறோம்.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குறி வேண்டாதவர் அதை அணைத்துக்கொள்ளலாமே என்பர். ‘ஸ்கைரிம்’ விளையாட்டில் அணைத்துப் பார்த்தால், பல பணிகளைச் செய்யவே இயலாது. ஏனெனில், குறி இருக்கிறது என்ற துணிவில், வழி சொல்லும் சொற்களை எழுதுவதையே விட்டுவிட்டனர். இழந்தது வசதியை மறுக்கும் உரிமையன்று, சொல்லே இழக்கப்பட்டது. இரண்டையும் தர முடியும் என்பதற்கு 2018-இல் வந்த ‘அசாசின்ஸ் கிரீட்: ஒடிசி’ சான்று. குறியோடு ஆடும் முறையும், இடத்தைச் சொற்குறிப்பால் அறிந்து தேடும் முறையும் அதில் தனித்தனியே உண்டு. எழுதுவதற்கு மனம் இருந்தால் வழி உண்டு.

சொல்லுக்கு இன்னும் உயர்ந்த இடம் தந்த விளையாட்டு ஒன்றையும் குறிப்பிட வேண்டும். செக் நாட்டு வார்ஹார்ஸ் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட ‘கிங்டம் கம்: டெலிவரன்ஸ்’, 1403-ஆம் ஆண்டின் பொஹீமிய நாட்டில் நிகழ்வது. பறவைநாகம் இல்லை, மந்திரம் இல்லை. அதன் தலைவன் கொல்லன் வீட்டுப் பிள்ளை. அவனுக்கு எழுத்தறிவு கிடையாது. தொடக்கத்தில் எந்த நூலைத் திறந்தாலும் எழுத்துகள் முன்பின்னாகக் குழம்பித் தெரியும். ஓர் எழுத்தரைத் தேடிச் சென்று, கூலி கொடுத்துக் கற்றபின், படிக்கப் படிக்க எழுத்துகள் தம் இடத்தில் வந்து அமரும். கல்லாமை என்றால் என்ன என்பதைக் கற்றோர்க்கு உணர்த்திய வழி இது. கட்டுரை அதை விளக்கலாம். விளையாட்டு அந்நிலையிலேயே நம்மை நிறுத்திவைக்கிறது. அதில் சில பணிகளில் காலம் தாழ்த்தினால், நோயுற்ற ஊரார் இறந்துபோவர். கதையின் அவசரமும் உலகத்தின் பொறுமையும் முரண்படும் குறைக்கு அதுவே ஒரு விடை. வெளியானபோது அவ்விளையாட்டிலும் நிரற்பிழைகள் மலிந்திருந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வணிகமும் உழைப்பும்

அளவு ஏன் வளர்ந்துகொண்டே போகிறது என்பதற்குக் கலைக்கு வெளியேயும் காரணம் உண்டு. 2006-இல் ‘அப்லிவியன்’ விளையாட்டில் குதிரைக்குக் கவசம் அணிவிக்க இரண்டரை அமெரிக்க வெள்ளி கேட்கப்பட்டபோது ஆட்டக்காரர்கள் எள்ளி நகையாடினர். இன்று அத்தகைய விற்பனை இயல்பாகிவிட்டது. நாம் சற்றுமுன் பாராட்டிய ‘ஒடிசி’ விளையாட்டே, பாத்திரம் விரைவாக வளர்வதற்குரிய உதவியைத் தனி விலைக்கு விற்றது. ஆட்டத்தை நீட்டித்து வைத்து, பிறகு நீளத்தைக் குறைப்பதற்குக் கட்டணம் வாங்கினால், அந்நீளம் யாருக்காக அமைக்கப்பட்டது என்று கேட்பது முறையே.

2020 டிசம்பரில் வெளிவந்த ‘சைபர்பங்க் 2077’ அளவு மீறிய வாக்குறுதிக்குப் பாடமாக அமைந்தது. பழைய பிளேஸ்டேஷன் கருவிகளில் அது சரிவர இயங்கவில்லை. சோனி நிறுவனம் சில நாள்களிலேயே தன் மின்கடையிலிருந்து அதை நீக்கிப் பணத்தைத் திருப்பித் தந்தது. 2021 ஜூனில்தான் அது மீண்டும் விற்பனைக்கு வந்தது. வெளியீட்டுக்கு முந்திய வாரங்களில் பணியாளர்கள் வாரத்துக்கு ஆறு நாள் வேலைசெய்ய நேர்ந்ததும் செய்தியானது. பின்னர் 2023-இல் வந்த பெரிய திருத்தத்தோடு அவ்விளையாட்டு நற்பெயரை மீட்டது. மீட்சி பாராட்டத்தக்கது. ஆயினும், முதல் நாளில் முழு விலை கொடுத்தவர்க்கும், ஆறாம் நாள் உழைத்தவர்க்கும் அம்மீட்சி காலம் கடந்து வந்தது. நிலத்தின் பரப்பு ஒவ்வொரு முறையும் பெருக வேண்டும் என்ற எதிர்பார்ப்பில், அதை நிரப்பும் கைகளின் களைப்பும் அடங்கியிருக்கிறது.

ஒரு மறுப்பும் விடையும்

நம் கருத்துக்கு வலுவான மறுப்பு ஒன்றுண்டு. எல்லாரும் உரிப்பொருளைத் தேடி ஆடுவதில்லை. களைத்து வருபவர்க்கு மூலிகை பறிப்பதும், பட்டியலில் ஒவ்வொன்றாகக் கோடிடுவதும் அமைதி தருகின்றன. அதைக் குறைகூற நாம் யார்? உலகம் நம்மைக் கவனிக்காமல் இருப்பதே விடுதலை என்று உணர்பவரும் உளர்.

இதில் உண்மை இருக்கிறது. பூத்தொடுப்பதும் கோலமிடுவதும் மனத்தை அமைதிப்படுத்துவதுபோல், திரும்பத் திரும்பச் செய்யும் சிறு வேலைக்கும் ஓர் இன்பம் உண்டு. அவ்வின்பத்தை விளையாட்டு தரட்டும். ஆனால் அதைத் தருபவை தம்மைக் காவியம் என்று சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. தந்தையின் துயரையும் நாட்டின் அழிவையும் முன்னுரையில் காட்டிவிட்டு, உள்ளே எண்பது மணிநேரம் பெட்டி திறக்க வைப்பதே நம் முறையீடு. மாந்தர் ஒழுக்கத்தை வாக்களித்த படைப்பை, அவ்வாக்கைக் கொண்டே அளக்கிறோம்.

முடிவாக

ஆகவே, ஒரு திறந்த உலக விளையாட்டை எடைபோட விரும்புவோர் மூன்று வினாக்களைக் கேட்கலாம். நிலம் இடத்துக்கு இடம் வேறாக இருக்கிறதா, ஒன்றே பல்கியிருக்கிறதா? அதிலுள்ள பொருள்கள் அந்நிலத்து வாழ்வைப் பேசுகின்றனவா, எண்ணி முடிப்பதற்காகக் கிடக்கின்றனவா? நாம் செய்வதையும் செய்யாமல் விடுவதையும் அவ்வுலகத்து மாந்தர் நினைவில் கொள்கின்றனரா? மூன்றாவதற்கு ‘ஆம்’ என்ற விடை கிடைத்தால், முதலிரண்டில் உள்ள குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாவதற்கு ‘இல்லை’ எனில், ஆயிரம் கோள்கள் இருந்தும் பயன் சிறிதே.

இவ்வினாக்களைத் தமிழில் கேட்பதனால் வேறொரு பயனும் உண்டு. நம் இளையர்கள் இவ்விளையாட்டுகளைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் ஆடுகின்றனர், ஆங்கிலத்தில் வாதிடுகின்றனர். தமிழ் அவர்களுக்கு வகுப்பறையிலும் தேர்வுத்தாளிலும் விழா மேடையிலும் இருக்கிறது. தாம் மிகவும் விரும்பும் ஒன்றைப் பற்றி நுட்பமாகப் பேச உதவாத மொழியை, எவ்வளவு போற்றினாலும், இளையர் தம்முடையதாகக் கொள்ளமாட்டார். உரிப்பொருள், இறைச்சி, உள்ளுறை ஆகிய சொற்கள் தேர்வு முடிந்ததும் மறக்கப்படுவதற்கு உரியவை அல்ல. நேற்றிரவு ஆடிய விளையாட்டு ஏன் சலித்தது என்பதை விளக்கவும் அவை பயன்படும் என்று ஒரு மாணவர் கண்டுகொண்டால், அச்சொற்கள் அவர் வாழ்வில் தங்கிவிடும்.

ஆசிரியர்கள் ஒரு வகுப்பிலேனும் இதனை முயன்று பார்க்கலாம். ஒரு விளையாட்டை மாணவர் எடுத்துவரட்டும். அதன் முதல், கரு, உரி ஆகியவற்றை அவரே பிரித்துக் காட்டட்டும். மற்றவர் மறுத்துப் பேசட்டும். பெற்றோர்கள் இன்றிரவு வீடு திரும்பியதும், “எத்தனை மணிநேரம் ஆடினாய்?” என்பதோடு, “அங்கே யாரைச் சந்தித்தாய், அவருக்கு என்ன ஆயிற்று?” என்றும் கேட்கலாம். விடை நீளமாக வந்தால் அது நல்ல விளையாட்டாக இருக்கக்கூடும். விடையே வரவில்லை என்றால், அவ்விளையாட்டைப் பற்றி அமர்ந்து பேச அதுவே தக்க தருணம்.